கீரை ஒரு சுண்டு

எனக்கு வாய் கொஞ்சம் கூட. வவுனியாவில் என்னிடம் மருந்து எடுக்க வருகிறவர்களுக்கு அது தெரியும், தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள். பேச்சு விழாமல் மருந்து வேண்டுமென்றால் ஊரில் வேறு டொக்டர்மாரும் இருந்தார்கள். மருந்துக் குளிசையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, "மாறேல்லை டொக்டர்" என்று முனகுகிறவர்களைத் தடவிக்கொடுக்கவா நான் டிஸ்பென்சறி திறந்தேன்? மருந்து கலந்து கொடுக்கிற செல்வராசண்ணை, நான் கத்தத் தொடங்கியதும் தன்பாட்டில் போய் றேடியோவைக் கூட்டி வைப்பார். வெளியே வாங்கில் இருக்கிறவர்களுக்கு உள்ளே நடக்கிறது கேட்கக் கூடாதாம். றேடியோச் சத்தத்தை வைத்தே உள்ளே எவ்வளவு பேச்சு விழுகிறதென்று சனம் கணக்குப் போட்டது.

சுசிலா முதன்முதல் வந்தது தொண்ணூற்றெட்டில். முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்த சனம் வவுனியா முகாம்களில் நிறைந்திருந்த காலம். நாற்பது வயதிருக்கும். மெலிந்த, உயர்ந்த உடம்பு. கழுத்தில் கறுப்பு நூலில் மாதா பதக்கம். வாசற்படி ஏறியதற்கே மூச்சு வாங்கியது.

"நெஞ்சுக்குள்ள ஆரோ ஓடித் திரியிற மாதிரிக் கிடக்கு, டொக்டர்."

நாடியைப் பிடித்தேன். ஒழுங்கு என்பது மருந்துக்கும் இல்லை. இரண்டு அடி அவசரமாக வந்தது, ஒன்று ஆறுதலாக வந்தது, அடுத்தது வரவே இல்லை. விரலை எடுக்காமல் குழாயைக் காதில் மாட்டி நெஞ்சைக் கேட்டேன். நெஞ்சில் அடித்ததில் பாதி மணிக்கட்டுக்கு வந்து சேரவில்லை.

"சின்ன வயசில மூட்டு வீங்கிக் காய்ச்சலாக் கிடந்தனீரோ?"

"ஓம். அந்த வருசம் முழுக்கப் பள்ளிக்கூடம் போகேல்லை. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

எப்படித் தெரியுமா? அந்தக் காய்ச்சல் அவளுடைய இதய வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. இரத்தம் கீழே இறங்க வழியில்லாமல் மேலறை வீங்கி, இப்போது அடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கிக்கொண்டிருந்தது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பார்கள். ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஈசிஜி எடுத்தோம், அதுதான். வால்வை விரிக்கக் கொழும்புக்குப் போக வேண்டும். பெயர் பதிந்தோம். அங்கே வரிசை நீளம், வவுனியாவிலிருந்து கொழும்புக்குப் போக அனுமதி எடுக்கிற வரிசை அதைவிட நீளம். அதுவரை அவளைக் காப்பாற்றி வைத்திருக்க வேண்டியது நான்.

நடுக்கத்தால் ஆள் சாகாது. நடுங்குகிற அறைக்குள் இரத்தம் தேங்கும், தேங்கினது கட்டியாகும், கட்டி ஒருநாள் புறப்பட்டுத் தலைக்குப் போகும். அதை அவளுக்கு ஒளிக்காமல் சொன்னேன். ஓடாத வாய்க்காலில் பாசி பிடிக்கிற மாதிரித்தான் என்றேன். தலைக்குப் போனால் ஒரு பக்கம் கை கால் விழும், பேச்சுப் போகும்.

 அவள் ஒன்றைத்தான் கேட்டாள்.

"அவர் வரேக்க நான் கதைப்பனோ, டொக்டர்?"

அவர் என்றது அவளுடைய கணவன் கொன்ஸ்ரன்ரைன். இருவரும் இடம்பெயர்ந்து வவுனியாவுக்கு வந்து சேர்ந்த அன்று, சோதனைச் சாவடியில் அவருடைய காற்சட்டைப் பையில் ஒரு பிளக் இருந்திருக்கிறது. படகு இயந்திரத்தின் பிளக். இயந்திரத்தைக் கரையில் விட்டுவிட்டு வரவேண்டி வந்த மனிதன் பிளக்கைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார், வேறு எவனும் அதை முடுக்கிக்கொண்டு போகக் கூடாதென்று. கடற்காரன் அப்படித்தான் செய்வான். சாவடியில் நின்றவர்களுக்கு அதை யார் விளங்கப்படுத்துவது? சந்தேகத்தில் கொண்டுபோய்த் தெற்கே ஒரு சிறையில் வைத்தார்கள். வழக்கும் இல்லை, விடுதலையும் இல்லை. செஞ்சிலுவைக்காரர் ஒருமுறை கண்டு கதைத்துவிட்டு வந்து, உயிரோடு இருக்கிறார் என்று சொன்னார்கள். பிள்ளைகள் இல்லாத சுசிலாவுக்கு உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த ஒரு சொல்தான்.

"அவர் வாற நேரம் நான் பாயில விழுந்து, வாய் கோணி, ஆரும் பருக்கிவிடத் தின்னுறதோ?" என்றாள். "ஏலாது, டொக்டர். நான் எழும்பி நிண்டு அவரை வாங்கோ எண்டு சொல்ல வேணும். அதுக்கு என்ன செய்ய வேணுமெண்டு சொல்லுங்கோ, செய்யிறன்."

எனக்கு அந்தக் கதை பிடித்திருந்தது. எத்தனை பேர் என் முன்னால் வந்திருந்து, விதி, கர்மம், ஆண்டவன் விட்ட வழி என்று தலையைத் தொங்கப்போட்டிருக்கிறார்கள்! இவள் சண்டைக்காரி. சண்டைக்காரிகளை எனக்கு நன்றாகப் பிடிக்கும்.

நாடியை அடக்குகிற குளிசை செல்வராசண்ணையின் போத்தலிலேயே இருந்தது. இரத்தம் கட்டியாகாமல் பார்க்கிற வார்ஃபரின் குளிசை இல்லை. கடைத்தெருவில் பாமசி வைத்திருந்த ஹமீட் நானாவிடம் போனேன். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தோடு சனமாக முல்லைத்தீவிலிருந்து வெளியேற்றப்பட்டு, கட்டின உடுப்போடு வந்து, வவுனியாவில் ஒன்றிலிருந்து தொடங்கினவர் அவர்.

"மாசக்கணக்கா வேணும் நானா. இடையில நிக்கப்படாது. இல்லையெண்டு கையை விரிச்சியளெண்டால் நோயாளி விழுந்துபோவா."

"ஆருக்கு டொக்டர்?"

"முகாமில இருக்கிற ஒரு பிள்ளை. முல்லைத்தீவுக் கரை."

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்தார். "எங்கட ஊர்ப் பிள்ளையோ? அப்ப நிக்காது. கொழும்பில இருந்து எடுப்பிக்கிறன், நீங்க யோசியாதீங்க."

குளிசை வந்தது. செல்வராசண்ணை பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதின்ரை சொந்தக்காரனைத்தானே டொக்டர் எலிக்கு வைக்கிறவை?" என்று கேட்டார். வாங்கில் இருந்த சுசிலாவுக்குக் கேட்டுவிட்டது.

"என்ன, எலிக்கு வைக்கிறதையோ எனக்குத் தாறியள்?"

"ஓம். எலி அளவில்லாமல் தின்னும், சாகும். நீர் அளவாத் தின்னுவீர், இருப்பீர்," என்றேன். "அளவு பிசகினால் நீரும் எலியும் ஒண்டுதான்."

அதுதான் அந்தக் குளிசையில் உள்ள சோலி. குறைந்தால் கட்டி, கூடினால் இரத்தம் நிற்காமல் கசிவு. ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்து வருகிற இலக்கம் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே நிற்க வேண்டும். நிற்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரி முகாமிலிருந்து நடந்துபோகிற தூரம்தான். ஆனால் முகாம்காரர் வாசலைத் தாண்டப் பாஸ் வேண்டும். ஒவ்வொரு முறையும் புதுப் பாஸ். இரண்டாம் முறையே அவளை, "உனக்கென்ன வருத்தம், நல்லாத்தானே நிக்கிறாய்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நான் போனேன். பாஸ் கொடுக்கிறவரின் அறையில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவருக்கு முன்னால் இருந்தேன்.

"இவா நல்லாத்தான் நிக்கிறா. நல்லா நிக்கிறதுக்குத்தான் பாஸ் கேக்கிறம். விழுந்த பிறகு பாஸ் தேவையில்லை, அம்புலன்ஸ் போதும்."

"மிஸிஸ், ஒழுங்கு எண்டு ஒண்டு இருக்கு..."

"மிஸிஸ் இல்லை, டொக்டர். நான் இண்டைக்கு இங்கைதான் இருக்கப்போறன். என்ரை நோயாளியள் எல்லாரும் இனி இங்கை வருவினம். உங்கடை மேசையைக் கொஞ்சம் ஒதுக்கித் தாங்கோ."

உண்மையிலேயே அரைமணித்தியாலத்தில் என்னைத் தேடி இரண்டு பேர் வந்துவிட்டார்கள். ஒரு கிழவருக்கு அங்கேயே பிறசர் பார்த்தேன். பாஸ் கொடுக்கிறவர் தலையில் கையை வைத்துக்கொண்டு சுசிலாவுக்கு நிரந்தரப் பாஸ் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்.

அதன் பிறகு எல்லாம் ஒழுங்காகப் போனது. நாடி அடங்கியது. படி ஏறினால் மூச்சு வாங்குவது நின்றது. இலக்கம் நான் சொன்ன இடத்தில் சொன்ன மாதிரி நின்றது. ஒவ்வொரு முறையும் அவள், "நிக்குதோ?" என்று கேட்பாள். "நிக்குது" என்பேன். அவ்வளவுதான் எங்கள் கதை. எனக்கு உள்ளுக்குள்ளே ஒரே புளுகம், பெருமை. பெரிய ஆஸ்பத்திரிகளில் பெரியவர்கள் பார்க்கிற வேலையை ஒரு தகரக் கூரை டிஸ்பென்சறியில் இருந்து நான் பார்க்கிறேன் என்று.

அடுத்த வருடம் தவக்காலத்தோடு இலக்கம் இறங்கத் தொடங்கியது. குளிசையைக் கொஞ்சம் கூட்டினேன். மேலும் இறங்கியது. இன்னும் கூட்டினேன். அசையவில்லை. ஹமீட் நானாவிடம் போய், குளிசை பழுதோ என்று கேட்டேன். அவர் புதுப் பெட்டி உடைத்துத் தந்தார். அதற்கும் அதே கதை. பெரிய வெள்ளியும் போய், உயிர்த்த ஞாயிறும் போய்விட்டது.

பிறகு ஒருநாள் காலை, இலட்சுமி என்ற பக்கத்துக் கொட்டில் பெண் சுசிலாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். தலை வாரிக்கொண்டிருந்தபோது சீப்பு கையிலிருந்து விழுந்திருக்கிறது. குனிந்து எடுத்திருக்கிறாள், திரும்பவும் விழுந்திருக்கிறது. வலக்கை தன்னுடையதில்லைப் போல இருந்ததாம். என்னிடம் வந்து சேர்கிறபோது கை திரும்பிவிட்டது. இரண்டு கையையும் நீட்டச் சொன்னேன், நீட்டினாள். என் விரலை இறுக்கச் சொன்னேன், இறுக்கினாள். சின்னக் கட்டி ஒன்று வந்து, அடைத்து, தானாகக் கரைந்து போயிருக்கிறது. அடுத்தது கரையாது.  எனக்குப் பயம் வந்தால் அது வாயால்தான் வரும்.

"குளிசை போடுறீரோ, இல்லாட்டிக் கிணத்துக்குள்ள எறியிறீரோ? உண்மையைச் சொல்லும்!"

"போடுறன், டொக்டர்."

"போட்டால் ஏன் இலக்கம் இறங்குது? நான் என்ன விசரியே? எலிக்கு வைக்கிறதெண்டு பயந்து விட்டிட்டீர், அப்பிடித்தானே? வாய் கோணிக் கிடக்கத்தான் ஆசையெண்டால் பிறகேன் என்னட்டை வாறீர்? மனுசன் வாறார் வாறார் எண்டு கதை மட்டும் வடிவாக் கதைக்கிறீர்!"

றேடியோ வெளியே உச்சத்தில் பாடியது. சுசிலா எழுந்து நின்றாள். முகம் இரத்தமாகச் சிவந்திருந்தது. இலட்சுமியின் கையையும் பிடிக்காமல் தனியே படி இறங்கிப் போனாள்.

கத்தினது பிழையென்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். குளிசை போடாத நோயாளிக்குக் கத்தத்தான் வேண்டும். ஆனால் அவள் போன போக்கு என்னை என்னவோ செய்தது. பொய் சொல்கிறவள் இருந்து அழுவாள், சத்தியம் பண்ணுவாள். இவள் போய்விட்டாளே.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரம் பார்த்து நானே முகாமுக்குப் போனேன். தகரமும் படங்குமாக நீளத்துக்குக் கொட்டில்கள். சுசிலா வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். "வாங்கோ" என்றாள், சிரிக்கவில்லை.

"குளிசைப் போத்தலைக் கொண்டாரும்."

கொண்டுவந்து தந்தாள். பாயில் கொட்டி எண்ணினேன். எத்தனை மிஞ்சியிருக்க வேண்டுமோ அத்தனை. ஒன்று கூட இல்லை, ஒன்று குறைய இல்லை. திரும்ப எண்ணினேன். இலட்சுமி தன் கொட்டில் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"எண்ணி முடிஞ்சுதோ, டொக்டர்?" என்றாள் சுசிலா.

"முடிஞ்சுது. நீர் ஒழுங்காத்தான் போட்டிருக்கிறீர்."

"அதைத்தானே சொன்னனான்."

நான் எழும்பினேன். அவள் விடவில்லை. கோபம் ஒரு பக்கம் இருக்க, வாசலுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்ப அந்தக் கரைக்காரருக்கு வராது. "வந்த மாதிரியே போறதோ? இருங்கோ, இருக்கிறதைச் சாப்பிட்டிட்டுப் போங்கோ," என்று ஒரு அதட்டு. கத்தினது நான், அதட்டுகிறது அவள். திரும்பப் பாயில் இருந்தேன்.

தட்டு வந்தது. முகாமில் கொடுக்கிற சிவப்பரிசிச் சோறு. ஒரு பக்கம் கங்குன் கீரை வறை. அதற்குப் பக்கத்தில் முருங்கையிலைச் சுண்டல். பருப்புக்குள் பொன்னாங்காணி. தொட்டுக்கொள்ள வல்லாரைச் சம்பல். சோற்றைத் தவிர எல்லாம் பச்சை.

"என்ன சுசிலா, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமா ஒரு நெத்தலிக் கருவாடும் இல்லையோ? தவக்காலம் முடிஞ்சுதெல்லே?"

அவள் இன்னும் கொஞ்சம் வல்லாரைச் சம்பலைத் தட்டில் வைத்தாள். இலட்சுமிக்கு வாய் நிற்கவில்லை. "அவா மச்சம் விட்டிட்டா, டொக்டர். எங்களுக்கு நிவாரணத்தில ரின்மீன் குடுத்தாலும் எனக்குத்தான் தந்திடுவா. அந்தாள் வருமட்டும் மீன் தொடமாட்டாவாம்."

"இலட்சுமி அக்கா!" சுசிலா பாய்ந்தாள். "நேத்தியை வெளியில சொன்னால் பலிக்குமோ? எத்தினை தரம் சொன்னனான் உங்களுக்கு!"

தவக்காலத்துக்கு விட்ட மீனை, உயிர்த்த ஞாயிறன்று அவள் திரும்ப எடுக்கவில்லை. கொன்ஸ்ரன்ரைனின் விடுதலை தள்ளிப்போய்விட்டது என்று செய்தி வந்த அன்று கோயிலில் மாதாவுக்கு முன்னால் முழங்காலில் நின்று நேர்ந்திருக்கிறாள். பிறந்தது முதல் மீனில்லாமல் ஒரு நேரம் சாப்பிட்டறியாத கடற்கரைக்காரி. விடுவதற்கு அவளிடம் அதைவிடப் பெரிதாக வேறு என்ன இருந்தது?

"அப்ப இந்தக் கீரை எல்லாம்?"

"குளிக்கிற கிணத்தடியில தன்பாட்டுக்கு முளைக்குது. நான் பாத்தியும் கட்டினனான். மூண்டு நேரமும் கீரைதான். கை விறைச்ச பிறகு வல்லாரையும் கூட்டினனான், நரம்புக்கு நல்லதெல்லே."

நான் உருட்டின கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினேன். அந்தக் குளிசை இரத்தத்தில் எதைத் தடுக்கிறதோ, பச்சிலை அதையே அள்ளிக் கொடுக்கும். நான் ஒரு பக்கத்தால் குளிசையைக் கூட்டக் கூட்ட, அவள் மறுபக்கத்தால் கீரையைக் கூட்டியிருக்கிறாள். இருவரும் கயிற்றின் இரண்டு முனையிலும் நின்று மூச்சைப் பிடித்து இழுத்திருக்கிறோம்.

அவளுக்குச் சொன்னேன். அவள் நம்பாமல் தட்டைப் பார்த்தாள். "கீரையோ? கீரை ஆருக்கும் கூடாதெண்டு இருக்கோ?"

"உம்மடை குளிசைக்குக் கூடாது. நேத்தியை விட்டிட்டு மீனைச் சாப்பிடும்."

"விடன்."

"அப்ப கீரையை விடும்."

"விட்டிட்டு? சோத்துக்கு உப்பைத் தொட்டுத் தின்னுறதோ? பருப்புத் தாறது எத்தினை நாளுக்குக் காணும்? உங்களுக்கு ரவுணில இருந்துகொண்டு சொல்லலாம்."

"சுசிலா, கை திரும்பவும் விழும். திரும்பி வராது. விளங்குதோ?"

"விளங்குது. நேத்தியை முறிச்சு, அவர் வராமல் விட்டால்? பிறகு நான் கையை வைச்சு என்னத்தைச் செய்ய?"

 அன்றைக்கே மாதா கோயிலுக்குப் போய்ப் பங்குச் சுவாமியைப் பிடித்தேன். சைவ சமயக்காரி ஒருத்தி வந்து நிற்க அவருக்கு ஆச்சரியம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, நோயாளிக்கு நேர்த்தியை மாற்றிக்கொடுக்கலாம், மீனுக்குப் பதிலாக ஐம்பத்து மூன்று மணிச் செபம் சொல்லட்டும் என்றார். சந்தோசமாகச் செய்தியைக் கொண்டு ஓடினேன்.

"சுவாமி விடுவார்," என்றாள் சுசிலா. "நான் சுவாமிக்கோ நேர்ந்தனான்?"

அட, இப்படியும் ஒரு பிடிவாதமா! வரும் வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து, குசினியில் அரிசிப் பேணியைத் திறந்தபோது, உள்ளே கிடந்த சுண்டு கண்ணில் பட்டது. ரின்பால் பேணியில் ஒவ்வொரு வீட்டிலும் அரிசி அளக்க வைத்திருக்கிற அதே சுண்டு. கீரை கூடாது என்று யார் சொன்னது? ஒருநாள் கூடி ஒருநாள் குறைவதுதான் கூடாது. அவள் தின்பது ஒரே அளவாக இருந்தால், குளிசையை நான் அதற்கு மேலாகக் கட்டிவிடுவேன். எதிராளி எத்தனை பேரென்று தெரிந்தால் சண்டை பிடிப்பது பெரிய வேலையா?

அடுத்த நாள் அவளுடைய மருந்துத் துண்டில் குளிசைகளுக்குக் கீழே நானே எழுதினேன்: கீரை, அவித்தது, தினம் ஒரு சுண்டு. செல்வராசண்ணை வாசித்துவிட்டு, "இதையும் நானோ டொக்டர் கலந்து குடுக்க வேணும்?" என்று கேட்டார்.

சுசிலாவை முன்னால் இருத்திச் சொன்னேன். "இது மருந்து. அரைச் சுண்டும் கூடாது, ஒண்டரைச் சுண்டும் கூடாது. கலியாண வீடோ செத்த வீடோ, ஒரு சுண்டு. கீரை கிடைக்கேல்லை எண்டு ஒரு கிழமை விட்டீரெண்டால், நான் கூட்டித் தாற குளிசை தனிய நிண்டு உம்மைக் கொண்டுபோடும். பல்லு முரசால ரத்தம் வரும், தலைக்குள்ளயும் வரும். அதால, விடுறதெண்டால் என்னட்டைக் கேளாமல் விடப்படாது. என்ன?"

"மாதா மேல ஆணை, டொக்டர்."

"மாதாவை விடும். எனக்குச் சொல்லும்."

"உங்களிட்டைக் கேளாமல் விடன்."

கிழமைக்குக் கிழமை இரத்தம் பார்த்தோம். குளிசையைக் கால் காலாகக் கூட்டினேன். இலக்கம் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்து, பிறகு மெல்ல ஏறி, இரண்டைத் தாண்டி நின்றது. "நிக்குதோ?" என்று கேட்டாள். "நிக்குது" என்றேன். எனக்குக் கும்மாளம் போட வேண்டும் போலிருந்தது.

ஆனி, ஆடியில் வவுனியா வெயில் தெரியும்தானே. கிணறு அடிக்குப் போய்விட்டது. குடிக்கிற தண்ணீருக்கே முகாமில் வாளிச் சண்டை. கிணற்றடிப் பாத்தி கருகத் தொடங்கியது. சுசிலா அரிசி கழுவின தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றினாள், முகம் கழுவின தண்ணீரை ஊற்றினாள். போதவில்லை. பிறகு இலட்சுமிதான் பெண்களைக் கூட்டி ஒரு சத்தம் போட்டிருக்கிறாள். அன்றிலிருந்து அந்த வரிசைக் கொட்டில்காரர் எல்லாரும் வாய் கொப்பளிப்பதிலிருந்து பிள்ளை கழுவுவது வரை பாத்தி ஓரத்தில்தான். யாரும் அதில் ஒரு இலை கிள்ளவில்லை. நான் பார்க்கப் போனபோது, கொழுத்த வெயிலில் சுற்றிவர எல்லாம் பொட்டலாகக் கிடக்க, அந்தப் பாத்தி மட்டும் பச்சையாக நின்றது.

தொண்ணூற்றொன்பது முடிகிற நேரம் சண்டை கிட்ட வந்து, ஊர்ச்சனம் பாதி மூட்டை கட்டிக்கொண்டு போனது. ஹமீட் நானா கடையைப் பூட்டிவிட்டுப் போகிறபோது என் வீட்டுக்கு வந்து, குளிசைப் பெட்டிகளைக் கையில் தந்துவிட்டுப் போனார். "எங்கட ஊர்ப் பிள்ளைக்கு" என்றார். நான் போகவில்லை. இரத்தம் சோதிக்கிற பொடியன் ஆஸ்பத்திரியை விட்டுப் போகவில்லை, பிறகு நான் எங்கே போவது? சனம் திரும்பி வந்தது, ஹமீட் நானாவும் வந்தார். சுசிலாவின் இலக்கம் அசையவே இல்லை. வருடம் மாறியது. கொழும்பு வரிசையும் அசையவில்லை, கொன்ஸ்ரன்ரைனும் வரவில்லை. அவள் கேட்பதும் நான் சொல்வதும் மட்டும் நடந்துகொண்டிருந்தன.

அன்றைக்கு மழை விட்டிருந்தது. மலேரியாக்காரர்களால் வாங்கு நிறைந்து, வாசலிலும் சனம். தலையை நிமிர்த்தினால் சுசிலா உள்ளே வந்து நிற்கிறாள். அவள் வருகிற நாள் இல்லை அது. வரிசையையும் தாண்டி வந்திருக்கிறாள். அவள் வரிசை தாண்டுகிறவள் இல்லை. கண்ணெல்லாம் வீங்கிச் சிவந்திருந்தது.

 முன்னால் இருந்த நோயாளியை விட்டுவிட்டு எழும்பினேன்.

"என்ன? கையோ? எந்தப் பக்கம்? கதைக்க ஏலுதோ? எங்கை, சிரியும் பாப்பம்! ரண்டு கடைவாயும் ஒரே மாதிரி வருதோ எண்டு பாக்க வேணும், சிரியும்!"

சிரித்தாள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, நேராக, பல்லெல்லாம் தெரிய. நான் பார்த்து முடித்த பிறகும் அவள் நிறுத்தவில்லை.

"போதும், போதும். ஏன் சிரிக்கிறீர் இப்ப? ஆளைப் பயப்பிடுத்திப்போட்டு!"

"டொக்டர், மீன் சாப்பிடலாமோ?"

"என்ன விசர்க்கதை? நேத்தி எண்டு நாட்டுக்கில்லாத பிடிவாதம் பிடிச்சிட்டு, இப்ப..." என்று தொடங்கினவள் அப்படியே நின்றேன். அவளுக்குப் பின்னால், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் நின்றார். எலும்பும் தோலும். நரைத்த தாடி. உடம்புக்கு அளவு பொருந்தாத ஒரு சேட்டு. உள்ளே வரலாமோ என்று தெரியாமல், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"நேற்று விட்டவை, டொக்டர்," என்றார் கொன்ஸ்ரன்ரைன். "பின்னேரம் வந்து சேர்ந்தனான். முகாமில எல்லாருமாச் சேந்து விளைமீன் வாங்கிக் கொண்டு வந்தவை. இவா ஆக்கி எனக்குப் போட்டிட்டு, தான் கீரையோடை இருந்து சாப்பிடுறா. நான்தான் வந்திட்டனே, இன்னும் என்ன நேத்தி எண்டு கேட்டால், உங்களைக் கேக்க வேணுமாம்."

நான் சுசிலாவைப் பார்த்தேன்.

"மாதாவுக்கு வைச்ச நேத்தி நேற்றோடை முடிஞ்சுது, டொக்டர்," என்றாள். "உங்களுக்கு வைச்சது முடியேல்லையே."

எனக்கு அழுகை வந்தது. அவ்வளவு சனத்துக்கு முன்னால், வாயாடி விமலேஸ்வரி டொக்டர், நின்று அழுதேன். வெளியே செல்வராசண்ணை றேடியோவைக் கூட்டினார்.

"மீன் சாப்பிடும்," என்றேன், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "எவ்வளவெண்டாலும் சாப்பிடும். கீரை ஒரு சுண்டு, அதை விடப்படாது."

"விடன்," என்று சொல்லி, நாடி பார்க்கக் கையை நீட்டினாள்.